அட்லர் - சல்லிவன் கட்டிடக்கலை நிறுவனம்

அட்லர் - சல்லிவன் என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இயங்கிய கட்டிடக்கலைக் கூட்டு நிறுவனமாகும். டாங்க்மார் அட்லர் (1844–1900) பொறியியலிலும் அரங்க ஒலியியலிலும் வல்லவர்; லூயி சல்லிவன் (1856–1924) வடிவமைப்பிலும் அலங்கார வேலைப்பாட்டிலும் தேர்ந்தவர். 1883 முதல் 1895 வரை இருவரும் பங்குதாரர்களாக இருந்தனர்.

1889-இல் திறக்கப்பட்ட ஆடிட்டோரியம் கட்டிடம் இவர்களுக்குப் பெரும்புகழ் தந்தது. 4,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கம், தங்கும் விடுதி, அலுவலகங்கள் ஆகிய மூன்றும் அதில் ஒன்றாக அமைந்தன. ஆனால் அங்குள்ள நிலம் மென்களிமண். 17 மாடிக் கோபுரம் மற்ற பகுதிகளைவிட அதிகமாக அமிழக்கூடும் என்பதால், அது எழும்பும் முன்பே அதன் அடித்தளத்தின் மீது இரும்புக் கட்டிகளையும் செங்கற்களையும் அட்லர் ஏற்றிவைத்தார். கோபுரம் உயர உயர அச்சுமை குறைக்கப்பட்டது. அப்படியும் கட்டிடம் ஒரே சீராக அமிழவில்லை.

செயின்ட் லூயிஸ் நகரின் வெயின்ரைட் கட்டிடமும் (1891) பஃபலோ நகரின் கேரன்டி கட்டிடமும் (1896) எஃகுச் சட்டகத்தின் மீது எழுந்தவை. உயரத்தை மறைக்க முயலாமல், செங்குத்துக் கோடுகளால் அதையே அழகாக்கிக் காட்டியது சல்லிவனின் துணிவு.

1893-இன் பொருளாதார நெருக்கடியால் வேலை குறைந்தது. அட்லர் விலகி ஒரு லிப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். சில மாதங்களில் திரும்ப வந்தவரைச் சல்லிவன் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர்களைப் பேசி இணங்கவைக்கத் தெரிந்தவர் அட்லர்தான். அவரின்றிச் சல்லிவனுக்குப் பெரிய பணிகள் அரிதாயின. பிற்காலத்தில் சிற்றூர்களில் சிறு வங்கிக் கட்டிடங்களை வடிவமைத்தார், வறுமையில் இறந்தார்.

இவர்களின் சிகாகோ பங்குச் சந்தைக் கட்டிடம் 1972-இல் இடிக்கப்பட்டது. அதன் வர்த்தகக் கூடம் சிகாகோ கலைக் கழக அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது.