அல்கோலை நிறுத்தால் எவ்வளவு?

மாரி மழை ஓய்ந்த பெப்ரவரி மாலைகளில் கல்லடிப் பாலத்தில் நின்று வடமேற்கே அண்ணாந்தால் அல்கோல் என்ற நட்சத்திரம் தெரியும். ஏறக்குறைய 2 நாள் 21 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது மங்கி, வழமையான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். வாவிக்கு மேலே மிதக்கும் முகிலுக்கு இதில் பங்கில்லை.

அங்கே இருப்பது ஒன்றையொன்று சுற்றும் நட்சத்திரச் சோடி. (தொலைவில் மூன்றாவதொன்றும் உண்டு, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.) மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போது கிரகணம். இப்படி இருக்கலாம் என 1783இல் சொன்ன ஜோன் குட்ரிக்குக்கு அப்போது வயது 18, காது கேளாதவர்.

கிரகணம் சுற்றுப்பாதையின் சாய்வைக் காட்டும். திணிவை அறிய நிறமாலையும் வேண்டும். நட்சத்திர ஒளியைப் பிரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அவை நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். நகர்வை அளந்தால் வேகம் கிடைக்கும். இரண்டில் மெதுவாக அசைவதே கனமானது.

ஜேர்மனியின் பொட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் 1889இல் பிரகாசமானதன் வேகத்தை அளந்தார். துணையின் மெல்லிய கோடுகள் பிடிபட 1978 ஆயிற்று!

விடை: பிரகாசமானது சூரியனைப்போல் சுமார் 3.2 மடங்கு, துணை 0.7 மடங்கு. கனமானதுதான் முதலில் முதிர வேண்டும். இங்கோ இலேசானது முதிர்ந்து ஊதிப்போயிருக்கிறது. ஒருகாலத்தில் அதுவே கனமாக இருந்து, தன் வாயுவில் பெரும்பகுதியைப் பிரகாசமானதற்கு இழந்துவிட்டது. கொஞ்சம் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.