பட்டுப் புடவை டிசைனுக்கு எந்தக் கம்ப்யூட்டர் போதும்?

காஞ்சிபுரத்தில் புடவை டிசைன் இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையில்தான் உருவாகிறது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிய வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது. திரையில் முடிந்த டிசைனைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை அடிக்கிறார்கள். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பூட்டிய தறி என்றால் அட்டையே வேண்டாம், கோப்பு நேராகத் தறிக்குப் போய்விடும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் இந்த வேலை பழகிய இளைஞர், வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள நினைப்பது இயல்புதான். கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "ஐ7 போட்டுக்குங்க, கிராஃபிக்ஸ் கார்டும் சேர்த்துக்குங்க" என்பதே. இந்த வேலைக்கு இரண்டும் தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 480 கொக்கி ஜக்கார்டில் 2,000 அட்டை ஓடும் முந்தானை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,60,000 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் துளை உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான் செய்தி. சுருக்காமல் சேமித்தாலும் 120 கிலோபைட்தான் வரும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. கனமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டி காலத்துப் புடவையின் புட்டாவை எடுக்க ஏ4 அளவில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3.5 கோடி புள்ளிகள். திறந்த மாத்திரத்தில் ரேமில் 100 எம்பிக்கு மேல் பிடிக்கும். அதன்மேல் லேயர் ஏற ஏற இன்னும் கூடும். ஆகவே பட்ஜெட்டில் 16 ஜிபி ரேமுக்கும் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். பிராசசருக்கு மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே வேண்டாம்.

அந்தப் பங்குக்குள் பொருந்தக்கூடியவை இரண்டு. இன்டெல் கோர் ஐ3-12100, 2022இல் வந்தது, 4 கோர். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, 2021இல் வந்தது, 6 கோர். இரண்டிலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கட்டம் நிரப்பும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுவது. அதில் 12100 கைகொடுக்கும் என்பதால் டிசைனுக்கு அதையே சொல்வேன். வீடியோ எடிட்டிங்கும் சேர்த்துச் செய்பவர்கள் 5600ஜி வாங்கலாம். "ஐ7" என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். பழைய பொருள் விற்கும் இடங்களில் 4ஆம் தலைமுறை ஐ7 இன்னும் கைமாறுகிறது. அது 2013ஆம் ஆண்டுச் சரக்கு. இன்றைய ஐ3 அதைத் தாண்டிவிடும். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் குறைந்தது 8ஆம் தலைமுறை வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

பணம் வீணாவது பெரும்பாலும் ஜோடி சேர்ப்பதில்தான். 12100க்கு எல்ஜிஏ1700 சாக்கெட் உள்ள போர்டு வேண்டும், எச்610 போதும். ஆனால் எச்610 போர்டுகளில் டிடிஆர்4 ரேமுக்கு ஒன்று, டிடிஆர்5க்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் ரேம் மற்றதில் நுழையவே நுழையாது. ரேம் விலை 2025 பிற்பகுதியில் கடுமையாக ஏறியது. பழைய மெஷினில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் டிடிஆர்4 போர்டு வாங்கி அதையே பூட்டலாம். புதிதாக வாங்கினால் 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள் கிராஃபிக்ஸ் வேகம் கூடும். 5600ஜிக்கு ஏஎம்4 போர்டு. அது பழைய பி450 என்றால் பயாஸ் புதுப்பித்த போர்டா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

12100எஃப் என்று சற்று மலிவாக ஒன்று காட்டுவார்கள். அந்த "எஃப்" இருந்தால் கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒதுக்குங்கள். 80 பிளஸ் சான்று பெற்ற 450 வாட் இந்தக் கம்ப்யூட்டருக்குத் தாராளம். கூடவே ஒரு 600 விஏ யுபிஎஸ். மின்சாரம் போகும் நொடியில் பாதி போட்ட டிசைன் அழிவது பெரிய வலி.

மிச்சப் பணத்தை மானிட்டரில் போடுங்கள். 24 இன்ச் ஐபிஎஸ் பேனல் வேண்டும். மலிவான டிஎன் பேனலில் தலையைச் சற்று அசைத்தாலே அரக்கும் மாம்பழ மஞ்சளும் நிறம் மாறித் தெரியும். அதை நம்பி வாடிக்கையாளரிடம் பாவு நிறமும் பார்டர் நிறமும் முடிவு செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று, உண்மையில் முதலில் செய்ய வேண்டியது: நீங்கள் பயன்படுத்தும் டிசைன் மென்பொருளின் டாங்கிள் விண்டோஸ் 11இல் ஓடுமா, அட்டை அடிக்கும் இயந்திரம் சீரியல் போர்ட் கேட்குமா என்று மென்பொருள் விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். பிறகு காஞ்சிபுரத்தில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், பிராசசர் முத்திரை உடையாத பெட்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும் வாரன்டி காலமும் ஜிஎஸ்டி பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுத்துக் கொடுங்கள்.