யாவர்க்கும் உரிய அச்சுக்கூடம்

ஓர் அச்சுக்கூடத்தின் செல்வம் எதுவென்று முற்காலத்தில் ஒருவர் வினவியிருந்தால், ஈய எழுத்துக்கள் நிறைந்த தட்டுக்களையும் அச்சியந்திரத்தையுமே அதன் உடையவர் சுட்டிக் காட்டியிருப்பார். விலை கொடுத்து வாங்கியபின் அவற்றுக்கு அவரே முழு உரிமையாளர். எழுத்துத் தேய்ந்தாற் புதிதாக வார்ப்பித்துக்கொள்வார். பொறி பழுதுற்றால் தொழில் அறிந்தவரை அழைத்துத் திருத்துவித்துக்கொள்வார். எழுத்தை வார்த்துக் கொடுத்தவர் தமது தொழிலைக் கைவிட்டாலும் அச்சகத்தின் வேலை நின்றுவிடுவதில்லை.

கணினியால் நூல்களை ஆக்கும் இக்காலத்தில் இந்நிலை மாறிவிட்டது. பக்கத்தை அமைப்பதும், படத்தை வரைவதும், எழுத்துக்களை ஒழுங்குசெய்வதும் மென்பொருள் எனப்படும் கட்டளைத் தொகுதிகளே. இவற்றுட் பல வணிக நிறுவனங்களின் உடைமையாக உள்ளன. வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே. அதன் உள்ளே என்ன நிகழ்கின்றது என்று பார்க்கவும், குறை கண்டவிடத்துத் திருத்தவும் அவருக்கு உரிமை இல்லை.

இதனால் விளையும் இடரை ஓர் எடுத்துக்காட்டினால் அறியலாம். அமெரிக்காவின் அல்டஸ் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் ‘பேஜ்மேக்கர்’ என்னும் பக்க அமைப்பு மென்பொருளை வெளியிட்டது. அச்சுக்கோக்கும் வேலையை மேசைமேல் உள்ள கணினியிலேயே முடிக்கும் முறை அதனால் உலகெங்கும் பரவிற்று. தமிழ் நூல்கள் பலவும் அதிலேயே உருப்பெற்றன. 1994இல் அடோபி நிறுவனம் அல்டஸ் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்பே பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பாயிற்று. அதிற் சேமித்த பக்கங்களை அதே நிறுவனத்தின் இன்றைய பக்க அமைப்பு மென்பொருள் நேரே திறப்பதில்லை. நூலை எழுதியவர் இருக்கிறார், பதிப்பித்தவர் இருக்கிறார், பக்கங்களும் அழியாமல் இருக்கின்றன. எனினும் மறுபதிப்புக்காக அவற்றைத் திறக்க முற்படுவோர், பழைய கணினி ஒன்றைத் தேடி அலைய வேண்டியவராகின்றனர்.

இத்தகைய கட்டுப்பாட்டுக்கு மாற்றாக எழுந்தவையே கட்டற்ற மென்பொருளும் திறந்த மூல மென்பொருளும் ஆகும். மூலம் என்பது, நிரல் எழுதுவோர் தம் கையால் எழுதிய கட்டளை வரிகளைக் குறிக்கும். இவ்வியக்கத்தின் தோற்றத்திலும் ஓர் அச்சுப்பொறிக்குப் பங்குண்டு. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றுக்குப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதிற் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. முன்னிருந்த பொறியில், தாள் சிக்கினால் உடனே அறிவிக்கும் வசதியை றிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் அதன் மூலத்தைத் திருத்தி அமைத்திருந்தார். புதிய பொறியின் மூலம் அவருக்குக் கிடைக்கவில்லை, கேட்டபோதும் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் ‘குனு’ என்னும் பெருந்திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமம் வெளியாயிற்று.

அவ்வுரிமத்தின் சாரம் எளிது. மென்பொருளை எவரும் எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மூலத்தைப் படிக்கலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தியும் வெளியிடலாம். ஆனால் திருத்தி வெளியிடுபவர், தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் அளித்தல் வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பகிர்வுக்குப் பாதுகாப்பு அளிக்கும் ஏற்பாடு இது. ஆகவே இம்மென்பொருள்களை இலவசப் பொருள்கள் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. விலையின்மை இங்கே ஒரு விளைவே, உரிமையே அடிப்படை.

நூலாக்கத்துக்கும் வரைகலைக்கும் வேண்டிய கருவிகள் பல இவ்வழியில் உருவாகியுள்ளன. புகைப்படங்களைச் சீர்செய்ய உதவும் ‘கிம்ப்’, கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழக மாணவர் இருவரால் 1995இல் தொடங்கப்பட்டது. கோட்டோவியங்களுக்கும் சின்னங்களுக்கும் உரிய ‘இங்ஸ்கேப்’, 2003இல், முன்னிருந்த வேறொரு திறந்த மென்பொருளிலிருந்து கிளைத்தது. மூலம் திறந்திருந்தமையால், கருத்து வேறுபட்டவர்கள் புதிதாக அடித்தளம் இடாமலே தம் வழியிற் செல்ல முடிந்தது. எழுத்தையும் படத்தையும் இணைத்துப் பக்கமாக்கி அச்சகத்துக்கு அனுப்ப உதவுவது ‘ஸ்கிரைபஸ்’.

பலர் ஓரிடத்திற் கூடாமல் ஒரே வேலையைச் செய்யும்போது குழப்பம் நேராதா என்னும் ஐயம் எழலாம். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. திருத்தம் செய்பவர் மூலத்தின் படியொன்றில் வேலை செய்து அதனை முன்வைப்பார். பொறுப்பாளர்கள் ஆராய்ந்து ஏற்பார்கள், அல்லது காரணங்கூறித் திருப்புவார்கள். எவர், எந்நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகும். வேண்டின் பழைய நிலைக்கு மீளலாம். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய நேர்ந்தமைக்கு, எவர் எப்போது மாற்றினார் என்ற குறிப்பு ஏடுகளில் இல்லாமையும் ஒரு காரணமாகும். இம்முறையில் அக்குறிப்பு முதலிலிருந்தே உடன் செல்கின்றது. பாடநூல்களையும் கைந்நூல்களையும் பலர் சேர்ந்து எழுதுவதற்கும் இதே ஒழுங்கு பயன்படுகின்றது.

இக்கூட்டு முயற்சியின் பயனைத் தமிழெழுத்தைக் கொண்டே விளக்கலாம். ‘கொ’ என்னும் எழுத்தை அச்சுக்கோப்பவர் ஒற்றைக்கொம்பு, ககரம், அரவு என்னும் மூன்றையும் அவ்வரிசையிலேயே எடுத்து அடுக்குவார். இன்று பொதுவழக்கிலுள்ள ஒருங்குகுறி முறையில், கணினி ஒலி வரிசைப்படி ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் சேமிக்கின்றது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை முன்னே கொணர வேண்டியது மென்பொருளின் கடன். ஸ்கிரைபஸ் நெடுங்காலம் இதனை அறியாதிருந்தது. கொம்புகள் இடம் மாறி நின்றமையால், ஒருங்குகுறித் தமிழ் நூலை அதில் அமைத்தல் இயலாதிருந்தது.

இக்குறையை நீக்கியவர்கள் தமிழர் அல்லர். ஓமான் நாட்டைச் சேர்ந்த சிறு குழுவொன்று, அரபு எழுத்துக்கள் இணைந்து வருவதற்காக ஸ்கிரைபசைத் திருத்த முன்வந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது ‘ஹர்ஃப்பாஸ்’ என்னும் மற்றொரு திறந்த மென்பொருள். ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபபோத் என்பவர் அதனை ஆக்கியோருள் முதன்மையானவர். அது அரபு, தமிழ், தேவநாகரி முதலிய பல எழுத்துமுறைகளின் ஒழுங்கையும் அறிந்தது. அரபுக்காகச் செய்த அவ்வேலை 2017இல் 1.5.3ஆம் வெளியீட்டிற் சேர்ந்தபோது, தமிழின் கொம்புகளும் தமக்குரிய இடத்தை அடைந்தன. 2024இல் வந்த 1.6 என்னும் உறுதிப் பதிப்பு அவ்வசதியை யாவர்க்கும் அளித்தது. தனியுடைமையான மென்பொருளில் இக்குறை இருந்திருப்பின், சிறு சந்தையை உடைய மொழியினர் அதன் உடையவரின் மனம் இரங்கும்வரை காத்திருத்தலன்றி வேறு வழி இராது.

இம்முறை குறைகள் அற்றதென்று கூறுதல் முறையன்று. அச்சுக்கு இன்றியமையாத நால்வண்ணப் பிரிப்பில் கிம்ப் நெடுங்காலம் பின்தங்கியே நின்றது. தொண்டர் சிலரின் ஓய்வு நேர உழைப்பையே பல திட்டங்கள் நம்பியுள்ளன. அவர்கள் சோர்ந்தால் வேலையும் தாமதமாகும். பழகிய கருவியை விட்டுப் புதியதைக் கற்க அச்சகத்தாருக்கு நேரமும் பொருளும் வேண்டும். எனினும் ஒரு திட்டம் தளர்ந்தால் அதனை வேறொருவர் எடுத்து நடத்தலாம் என்ற வழி இங்கே அடைபடுவதில்லை.

பாடசாலை மலரையோ சங்கத்தின் ஆண்டிதழையோ அமைப்பவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கவை சில உண்டு. எந்தக் கருவியைக் கையாண்டாலும், மூல எழுத்தை ஒருங்குகுறியிலும், படங்களை யாவரும் திறக்கக்கூடிய பொது வடிவங்களிலும் சேமித்து வைத்தல் வேண்டும். திறந்த மென்பொருளில் தமிழெழுத்துப் பிழைபடக் கண்டால், அதனைப் படத்துடன் திட்டத்தாருக்கு அறிவித்தல் வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவரும் பட்டியற் சொற்களைத் தமிழாக்கலாம். புதிய வெளியீட்டிற் தமிழ் சரியாக வருகின்றதா என்று சோதிக்கலாம். ஓமானிலிருந்து வந்த உதவிக்குத் தமிழர் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே.