மஞ்சள் சட்டையும் மஞ்சள் தாளும்

சைக்கிள் மிதித்து ஆலைக்குச் செல்லும் தோழரே! அதே சைக்கிளை வைத்துப் பிரெஞ்சு முதலாளிகள் ஏடு வளர்த்த கதையைக் கேளும்.

டிரைபஸ் எனும் யூத ராணுவ அதிகாரிமீது துரோகப் பழி சுமத்தினர். நிரபராதி அவர். நாடே இரண்டுபட்டது. 'லெ வெலோ' எனும் விளையாட்டு ஏட்டின் ஆசிரியர் டிரைபஸ் பக்கம் நின்றார். மோட்டார் முதலாளி தெ தியோன் பிரபுவோ எதிர்ப்பக்கம்! சக முதலாளிகளைக் கூட்டி 1900-இல் போட்டி ஏடு துவக்கினார். பின்னர் 'லோட்டோ' எனப் பெயர் மாறிய அந்த ஏட்டின் விற்பனையை உயர்த்தத்தான் 1903-இல் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயம் பிறந்தது. முதலில் வென்றவர் யார்? புகைபோக்கி துடைத்துப் பிழைத்த மொரிஸ் காரன்! 1919-இல் முன்னணி வீரருக்கு மஞ்சள் சட்டை வந்தது. ஏடு அச்சானதும் மஞ்சள் தாளிலேதான்!

ஏட்டின் ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்சே பந்தயத்தின் தலைவர். விதி செய்தவரும் அவரே. செய்தி எழுதியவரும் அவரே! பிறகு வீரனின் குறையை யார் எழுதுவது?

1924-இல், முந்தைய ஆண்டு வென்ற ஆன்றி பெலிசியே, ஒரு சட்டையைக் களையவும் உரிமையில்லையா என்று வெகுண்டு, தம்பியோடு வெளியேறினார். கண்ணுக்குக் கோக்கெய்ன், ஓட மாத்திரை என எல்லாவற்றையும் ஆல்பர் லோந்தர் எனும் நிருபரிடம் கொட்டினார். அது அச்சேறியது வேறோர் ஏட்டில்!

வீரனுக்குக் கைதட்டுவோம், தோழரே. கூடவே, பேனா யார் கையில் என்றும் பார்ப்போம்!