கிளை விட்டுக் கிளை

கடவூர், அய்யலூர்க் குன்றுகளின் முள்காடு இது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் பரவிய 11,806 ஹெக்டேர் காடு, 2022 அக்டோபரில் நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அரைக் கிலோகூடத் தேறாத தேவாங்கு, குரங்கைப் போல் தாவுவதில்லை. முன்கையால் அடுத்த கிளையைப் பற்றிய பிறகே பின்காலை விடும். நடுவில் ஒரு மரம் வெட்டுப்பட்டாலும் தரையில் இறங்கியாக வேண்டும்; அங்கே நாயும் சாலையும் காத்திருக்கின்றன. அதனால் காட்டை மீட்க மரம் நடும்போது, எத்தனை கன்று நட்டோம் என்பதைவிட, எந்த இடைவெளியில் நட்டோம் என்பதே இங்கு முக்கியம்.

உசிலை, வெள்வேல் மரங்கள் இம்மண்ணுக்குரியவை. உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. வெட்டிய அடிக்கட்டையும் மீண்டும் துளிர்க்கும், ஆடு கடிக்காமல் இருந்தால். ஆடு மேய்ப்பவர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தக் காடு மீளாது. 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், கிராம வனக்குழுக்களை அமைத்து ஊராரைக் கூட்டாளிகளாக்கியது.

காட்டுக்கு வெளியே தோட்டத்துக் கிளுவை வேலியும் தேவாங்குக்குப் பாதைதான். அங்கே அது பிடித்துத் தின்பவை பெரும்பாலும் பூச்சிகள். வழிதவறிய தேவாங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.