முற்றிய மெலனோமாவும் நோயெதிர்ப்புத் தூதுகளும்: நோயாளி கேட்டறிய வேண்டியவை

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்களில் தோன்றும் மெலனோமா, தோல் புற்றுநோய்களுள் அரிதானதாயினும், பிற உறுப்புகளுக்குப் பரவும் இயல்பால் மிகக் கொடியது. வெளிர்தோலினரிடம் பெரும்பாலும் வெயிலோடு தொடர்புடைய இந்நோய், இந்தியரிடம் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் கணிசமாகத் தோன்றுவதால், காலாணி என்றும் ஆறாத சர்க்கரைப் புண் என்றும் கருதப்பட்டு, கைவைத்தியத்திலேயே காலம் கழிந்துவிடுவதுண்டு. உள்ளங்காலின் கரும்புள்ளி விரிந்தாலோ, நிறம் மாறினாலோ, கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டித் திசுச் சோதனை தேவையா எனக் கேட்பதே முதல் தற்காப்பு.

நோயெதிர்ப்புச் செல்கள் தமக்குள் செய்தி பரிமாறச் சுரக்கும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். அவற்றுள் ஒன்றான இன்டர்ஃபெரான்-காமா, புற்றுச்செல்லைத் தன் அடையாளத்தை வெளிக்காட்டச் செய்து, டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் அதைத் தாக்க வழிசெய்கிறது. ஆயினும் அதே செய்தியைப் பெறும் புற்றுச்செல், பிடி-எல்1 என்னும் புரதத்தை மேற்பரப்பில் ஏற்றி, தன்னை அழிக்க வந்த டி செல்லையே அடக்கிவிடவும் கூடும். நோய் முற்றும்போது, எதிர்ப்பைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 போன்றவை கட்டியைச் சுற்றி ஓங்கலாம். இன்டர்லூகின்-8 புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கத் துணைபோகிறது. இரத்தத்தில் இன்டர்லூகின்-6 மிகுந்திருப்பது நோயின் போக்கு மோசமாவதோடு தொடர்புடையது. ஆகவே, எதிர்ப்பாற்றலைப் பொதுவாகக் ‘கூட்டினால்’ புற்று கரையும் என்பது அறிவியலுக்குப் பொருந்தாது.

இந்தத் தூதுகளையே மருந்தாக்கும் முயற்சியில், 1998-இல் பரவிய மெலனோமாவுக்கு அமெரிக்கா இன்டர்லூகின்-2 மருந்தை ஏற்றது. சிலருக்கு நீண்டகால நலம் கிட்டியபோதும், இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்ததால் தீவிரக் கண்காணிப்பு தேவைப்பட்டது. டி செல்லின் தடைகளை நீக்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியில் செயல்படும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் முதலான மருந்துகள் விடுவிக்கும் டி செல்கள் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும்கூடத் தாக்கக்கூடும் என்பதால், சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் வரக்கூடிய வயிற்றுப்போக்கையும் மூச்சுத்திணறலையும் மருந்துக்கடை மாத்திரையால் அடக்காமல், புற்றுநோய் மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இவ்விளைவுகளை விளக்காமல் கையொப்பம் மட்டும் பெறுவது முறையான ஒப்புதல் ஆகாது. போதிய தகவல் தந்து பெறுவதே ஒப்புதல் என உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் வகுத்துள்ளது. புதிய மருந்துச் சோதனையில் சேருவோருக்கு, சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறும் உரிமையை 2019-ஆம் ஆண்டு விதிகள் அளிக்கின்றன. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுவதால், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிய அதே 1954-இல்தான், புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் ‘எதிர்ப்புச் சக்தி’ப் பொடிகள் அச்சமுற்ற குடும்பங்களின் சேமிப்பைப் பறிப்பது வேதனைக்குரியது. விளம்பரத்தையும் ரசீதையும் இணைத்து, சென்னை தேனாம்பேட்டையிலுள்ள மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் அளிக்கலாம்.

பெம்ப்ரோலிசுமாபுக்கு 2023-இல் அடிப்படைச் சுங்கவரி நீக்கப்பட்டும் செலவு பலருக்கும் எட்டாததே. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளித்தாலும், பரிந்துரைக்கப்பட்ட மருந்து அதில் அடங்குமா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் பெறுவது நல்லது. கட்டணச் சிகிச்சையில் குறைபாடு நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம் என்பதால், ரசீதுகளையும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துவைக்க வேண்டும்.