தைராய்டு புற்றுநோய் உருவாவது எப்படி? மரபணு மாற்றிய சுண்டெலிகள் தரும் விடை

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் பெண்களிடையே அதிகம் பதிவாகும் புற்றுநோய்களில் ஒன்றாகத் தைராய்டு புற்றுநோய் உள்ளது. இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின் மாவட்டப் பதிவேட்டில் இது தொடர்ந்து காணப்படுகிறது. இக்கட்டிகளில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை, சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. சில மட்டும் ஏன் ஆபத்தானவையாக மாறுகின்றன என்பதே மருத்துவர்கள் முன்னுள்ள கேள்வி.

எண்ணிக்கை மட்டும் போதாது

நோயாளிகளின் எண்ணிக்கை இதற்கு விடை தருவதில்லை. கழுத்து ஸ்கேன் பரிசோதனை பரவலானால் தீங்கற்ற சிறு கட்டிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். தென் கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் பாதிப்பு 15 மடங்கு உயர்ந்தது. உயிரிழப்பு விகிதத்திலோ பெரிய மாற்றம் இல்லை. மேலும், நோய் கண்டறியப்படும்போது அது தொடங்கிப் பல ஆண்டுகள் கடந்திருக்கலாம். தொடக்க நிலையை மனிதர்களிடம் நேரில் கண்காணிக்க இயலாது.

சுண்டெலிகளின் பங்கு

இந்த இடைவெளியை நிரப்பவே மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள் பயன்படுகின்றன. தைராய்டு புற்றுநோயில் மிகப் பரவலானது பாப்பில்லரி வகை. இவ்வகைக் கட்டிகள் பலவற்றில் 'பிராஃப்' என்ற மரபணு மாற்றமடைந்து, செல்களை ஓயாமல் பெருகத் தூண்டுகிறது. இம்மரபணு தைராய்டு சுரப்பியில் மட்டும் செயல்படும் வகையில் உருவாக்கப்பட்ட சுண்டெலிகளுக்குப் பாப்பில்லரி புற்றுநோய் ஏற்பட்டதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்டனர்.

பின்னர், டாக்சிசைக்ளின் மருந்தைக் கொடுத்தால் இம்மரபணு இயங்கும், நிறுத்தினால் அடங்கும் வகையிலான சுண்டெலிகளும் உருவாக்கப்பட்டன. மரபணு இயங்கியபோது தைராய்டு செல்கள் அயோடினை உறிஞ்சும் திறனை இழந்தன; அது அடங்கியதும் அத்திறன் மீண்டது என 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. கதிரியக்க அயோடின் சிகிச்சை இத்திறனை நம்பியே அளிக்கப்படுவதால் இந்த முடிவு முக்கியத்துவம் பெற்றது.

மனிதர்களிடம் சோதனை

செல் பெருக்கச் சமிக்ஞையைத் தடுக்கும் செலுமெடினிப் என்ற மருந்து, கதிரியக்க அயோடினுக்குக் கட்டுப்படாத 20 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2013-ல் வெளியான முடிவுகளின்படி, 12 பேருக்கு அயோடின் உறிஞ்சும் திறன் அதிகரித்தது. அவர்களில் 8 பேர் மீண்டும் கதிரியக்க அயோடின் பெறும் நிலையை எட்டினர். எனினும், 'பிராஃப்' மாற்றம் கொண்ட 9 பேரில் 4 பேருக்கே திறன் அதிகரித்தது.

சுண்டெலியும் மனிதரும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகிறது. ஆய்வுச் சுண்டெலிகளில் சுரப்பி முழுவதும் மரபணு மாற்றம் நிகழ்கிறது. மனிதர்களிடம் நோய் பொதுவாக ஒரு செல்லில் இருந்தே தொடங்குகிறது.

எந்தக் கட்டியை அகற்ற வேண்டும், எதைக் கண்காணித்தால் போதும் என்று பிரித்தறிய இத்தகைய ஆய்வுகள் உதவினால், தேவையற்ற அறுவை சிகிச்சைகளும் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ணும் நிலையும் குறையும். கழுத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும், கட்டி வளர்ந்தாலோ, குரல் மாற்றம் நீடித்தாலோ, விழுங்குவதில் சிரமம் இருந்தாலோ மருத்துவரை அணுகுவது அவசியம்.